திரேசாவுக்காக இருந்த ஒருசந்தி

கருங்காட்டுத் தோட்டம்,
கொட்டகலை.
20.2.1955

சேசு மரி சூசை

என் பிரியமுள்ள திரேசாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உன்னை இனிமேல் சகோதரி மரிய சூசை என்றுதான் அழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். உறையின்மேல் அப்படியே எழுதிவிட்டேன். உள்ளே நீ திரேசாதான். மூன்றாம் லய வரிசையில் அடுத்தடுத்த காம்பிரா அறையில் பிறந்து, ஒரே பாயில் படித்து, அட்டனுக்கு ஒரே குடையில் நடந்து போனவர்களுக்கு ஆறு மாதத்தில் பெயர் மாறிவிடாது.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். தனிமையைப் பற்றி இரண்டு பக்கம், தபசுகாலத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம். மடத்தில் குளிர் எப்படி, போர்வை போதுகிறதா, அழுகிறாயா என்று ஒரு வரி கிடையாது. ஜெபப் புத்தகத்திலிருந்து கிழித்து அனுப்பின மாதிரி இருக்கிறது என்று சொன்னால் கோபப்படாதே. இருந்தாலும் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உபவாசத்தை யாராவது ஒருவருக்காக ஒப்புக்கொடுக்காவிட்டால் அது வெறும் பட்டினி என்று எழுதியிருந்தாயே, அதை.

எங்கள் லயத்தில் மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் பாதிப் பட்டினிதான். அதற்கும் ஒருசந்திக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு வெகுநாள் குழப்பம். பானையில் சோறு இருந்தும் வேண்டாம் என்று வைப்பது ஒருசந்தி. பானையில் சோறே இல்லாமல் படுப்பது வேறு. அவ்வளவுதானா? அந்த வேண்டாமென்ற சோறு எங்கே போகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும் என்று தோன்றுகிறது. நான் படிப்பிக்கிற ஸ்கூலைக் கூட்டுகிற அம்மாக்கண்ணுவுக்கு என் காலை ரொட்டியைக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த திருநாள் வரை, ஞாயிறு தவிர நாற்பது நாளும், பகல் ஒருவேளைச் சாப்பாடு. உன் துறவற அழைத்தல் நிலைக்க வேண்டும் என்று உனக்காக நான். எனக்காக நீ. சம்மதமா?

அண்ணியிடம் சொன்னேன். "திரேசா அங்க மூணு வேளையும் தின்னுபுட்டு ஒன்னய ஒருசந்தி இருக்கச் சொல்லுதாக்கும்?" என்று கேட்டுவிட்டு, பகலுக்கு எனக்கென்று ஒரு கரண்டி அதிகமாக உலையில் போடுவதாகச் சொன்னார்.

உன் அன்பு மதலேன்

மடம்.
1.3.1955

சேசு மரி சூசை

அன்புள்ள மதலேனுக்கு,

சம்மதம். புதன்கிழமையே தொடங்கிவிட்டேன். நாங்கள் இங்கே மூன்று வேளை சாப்பிடுவதில்லை என்று அண்ணியிடம் சொல். காலையில் ஒரு கோப்பை வெறும் தேநீர், பகலில் சோறு, மாலையில் கையளவு ரொட்டி. போர்வை போதும். முதல் மாதம் அழுதேன், இப்போது இல்லை.

மௌனம் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைத்து வந்தேன். அப்படி இல்லை. பேச்சை நிறுத்தினால் முதலில் கேட்பது நம்முடைய குறைகள். யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், யார் சொன்னது இன்னும் உறுத்துகிறது என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். அவற்றைத் துரத்தக் கூடாது என்கிறார்கள் மதர். உட்காரவிட வேண்டுமாம். அவை களைத்துப் போன பிறகுதான் சர்வேசுரனுக்கு இடம் கிடைக்குமாம். சேசுநாதர் பாலைவனத்தில் நாற்பது நாள் இருந்தது உலகத்தை விட்டு ஓடுவதற்கு இல்லை, திரும்பி வருவதற்கு ஆயத்தமாகத்தான் என்றும் சொன்னார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஞாயிறு பிற்பகலில்தான் எங்களுக்குக் கடிதம் தருவார்கள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் லயத்துப் புகை மணக்கிறது. எல்லாவற்றையும் எழுது மதலேன். ஒன்றையும் விடாதே. உன் அண்ணன் எப்படி இருக்கிறார்? ஸ்கூல் எப்படி? வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு ஆள் வருகிறதா?

உனக்காக ஜெபிக்கும்
சகோதரி மரிய சூசை
(உனக்கு மட்டும் திரேசா)

கருங்காட்டுத் தோட்டம்.
13.3.1955

சேசு மரி சூசை

என் திரேசாவுக்கு,

சிலுவைப்பாதைக்கு ஆள் வருகிறதா என்று கேட்டாய். வருகிறது. கோயில் கொள்ளாமல் வருகிறது. போன வருஷம் நாம் ஒன்பது பேர் முழங்கால் போட்ட இடத்தில் இந்த வெள்ளிக்கிழமை அறுபது பேர். பாதிப்பேர் நெற்றியில் திருநீறு. கொழுந்து மலையிலிருந்து கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் வருகிறார்கள்.

ராக்காயியை நினைவிருக்கிறதா, நாலாம் லயம்? ஆறு ஸ்தலம் வரை பொறுமையாக வந்தவர், ஏழாவதில் என் சேலையை இழுத்தார். "ஏன் தாயி, சாமி இதோட ரெண்டு வாட்டி விழுந்துட்டாரு. கூட இத்தன பேரு வாறாங்க, ஒருத்தரும் கையக் குடுக்கலியா?" என்றார். ஒருவர் கொடுத்தார், ஐந்தாம் ஸ்தலத்தில் பார்த்தோமே, காட்டிலிருந்து வேலை முடிந்து வந்த ஓர் ஆள், சிலுவையைப் பிடித்துக் கூட நடந்தார் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஆளுக்கு அன்னிக்குச் சம்பளம் போட்டாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இரண்டு வருஷம் முன் விளையாட்டுத் திடலில் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்ததற்காகக் கந்தப்பனுக்கு வேலை முடிந்தது என்று பத்துச்சீட்டுக் கொடுத்து, குடும்பத்தோடு வெளியே அனுப்பினார்கள் அல்லவா? அதற்குப் பிறகு துரையின் உத்தரவில்லாமல் பத்துப்பேர் ஓரிடத்தில் நிற்க முடியாது. தபசுகாலத்து வெள்ளிக்கு மட்டும் கோயிலில் ஒன்றுகூட உத்தரவு உண்டு. பதினாலாம் ஸ்தலம் முடிந்ததும் நாங்கள் விளக்கைத் தணித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். சங்கத்துத் தாள் ஒன்று கைமாறிப் போகும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள், மற்றவர்கள் பெருவிரல் வைக்கிறார்கள். முப்பத்தேழு பேர் ஆகிவிட்டது. உயிர்த்த திருநாளுக்குள் பாதித் தோட்டம் சேர்ந்துவிட்டால் துரையால் ஒருவரை மட்டும் பிரித்து வெளியே தள்ள முடியாதாம். அதுவரை வெளியே தெரியக் கூடாது.

இதை நடத்துகிறவர், நாம் இருவரும் பட்டப்பெயர் வைத்த நம் கொடிக்காரர். பெயர் எழுதவில்லை, உனக்குத் தெரியும். மாதா திருநாளில் கொடியை நிமிர்த்திப் பிடித்தபடியே சாக்கடைக் கானுக்குள் விழுந்தவரை நாம் இருவர்தானே பார்த்தோம். இப்போதும் அப்படித்தான் இருக்கிறார்.

என் மனசு ஒரு பக்கம் நிறைந்திருக்கிறது, ஒரு பக்கம் உறுத்துகிறது. கோயிலை இப்படிப் பாவிப்பது பாவமா? சேசுநாதருடைய பாடுகளைத் திரையாகத் தொங்கவிட்டு அதன் பின்னால் வேறு காரியம் பார்க்கிறோமா? இல்லை, அந்தப் பாடுகளுக்குள்தான் இந்தக் காரியமும் இருக்கிறதா? சுவாமியாரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை பூசைக்கு வந்தால் துரை பங்களாவில்தான் சாப்பிடுகிறார். நீ தனிமையில் இருக்கிறாய். உனக்குத்தான் தெளிவாகக் கேட்கும். ஜெபத்தில் வைத்துப் பார்த்து எனக்கு ஒரு பதில் சொல். நீ பாவம் என்று சொன்னால் கொடிக்காரரிடம் சொல்லி நிறுத்திவிடுவேன்.

பதினாறு நாள் ஆகிவிட்டது. காலையில் இரண்டாம் பாடத்துக்குக் கண் இருட்டும். அப்போது உன் பெயரைச் சொல்லிக்கொள்வேன்.

மதலேன்

மடம்.
19.3.1955

சேசு மரி சூசை

அன்புள்ள மதலேனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாளை முதல் எங்களுக்கு எட்டு நாள் ஞான ஒடுக்கம். யாரோடும் பேசவோ எழுதவோ முடியாது. நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுத இயலவில்லை. உன்னையும் உன் வீட்டாரையும் சூசையப்பருடைய பாதுகாவலில் வைக்கிறேன்.

ஒருசந்தியை விடாமல் இரு.

சகோதரி மரிய சூசை

கருங்காட்டுத் தோட்டம்.
3.4.1955
குருத்து ஞாயிறு

திரேசாவுக்கு,

உன் ஞான ஒடுக்கம் முடிந்து ஆறு நாள் ஆகியிருக்கும். கடிதம் வரவில்லை. நானே எழுதுகிறேன்.

மார்ச் 25ஆம் திகதி வெள்ளிக்கிழமை. பதினாலாம் ஸ்தலம் முடிந்தது. விளக்கைத் தணித்தோம். தாள் ராக்காயி கையில் இருந்த நேரம், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு இரண்டு காவல்காரர்களோடு கதவைத் திறந்துகொண்டு வந்தார். செருப்போடு பீடம் வரைக்கும் வந்தார். சுற்றிலும் பார்த்தார். யாரையும் விசாரிக்கவில்லை, தேடவில்லை. நேரே அண்ணனுக்கு முன்னால் போய் நின்றார்.

"வாங்க கொடிக்காரரே. இன்னிக்கு எத்தனாவது ஸ்தலத்துல பேரு எழுதுறீங்க?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அறுபது பேர் இருந்த இடத்தில் என்னை மட்டும் பார்த்தார்.

தாளை எடுக்கச் சொல்லிக் காவல்காரர்கள் எல்லோரையும் எழுப்பினார்கள். ராக்காயி மட்டும் எழவில்லை. தாளை மடியில் செருகி முழங்காலிலேயே இருந்தார். எழுந்திரு என்று கண்டாக்கு மூன்று தடவை சொன்னார். "ஜெபம் முடியலீங்க ஐயா," என்றார் ராக்காயி. "நான் புதுசு. மெதுவாத்தான் வரும்." அவர்கள் போகும் வரை உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். தாளில் பெயர் கொடுத்த எல்லோரும் தப்பினார்கள். பிடிபட்டது ஒரே ஒரு பெயர்.

திங்கட்கிழமை பெரட்டில், எல்லோரும் வேலைக்கு நிற்கிற இடத்தில், அண்ணனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்தார்கள். உத்தரவில்லாமல் கோயிலைப் பாவித்தது என்று காரணம் எழுதியிருக்கிறது. ஏப்ரல் முடிவதற்குள் காம்பிராவை விட வேண்டும். அண்ணி பிறந்ததும் இந்தத் தோட்டத்தில்தான். பிள்ளைகள் இருவரும் என் வகுப்பில் படிக்கிறார்கள்.

என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் செய்தது எனக்குத் தெரியாது, அவரோடு இனி எனக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தால் ஸ்கூலும் ஸ்கூலுக்குப் பக்கத்து அறையும் எனக்கு இருக்குமாம். நான் வைக்கவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. வைக்காமல் வெளியே வந்த பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அண்ணன் ஒரு தடவைதான் கேட்டார். "அந்தப் பேரு ஒனக்கும் திரேசாவுக்கும் தவிர வேற யாருக்குத் தெரியும்?" நான் அழுதேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அண்ணி எனக்குச் சோறு போடுகிறார், பேசுவதில்லை.

நீ சொன்னாயா? இல்லை, என் கடிதம் வழியில் எங்காவது கைதவறிப் போய்விட்டதா? அப்படி நடந்ததென்று நீ எழுதினால் நான் நம்புவேன். நம்பத் தயாராக இருக்கிறேன்.

மதலேன்

மடம்.
11.4.1955

மதலேனுக்கு,

கடிதம் கைதவறவில்லை.

புதிதாகச் சேர்ந்த நவகன்னியருக்கு வரும் கடிதங்களையும் நாங்கள் எழுதும் கடிதங்களையும் மதர் வாசித்த பிறகுதான் தருவார்கள், அனுப்புவார்கள். இங்கே வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அளந்து எழுதுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வருகிற மதலேன் அதோடு போய்விடுவாள் என்று பயந்தேன். இது முதல் குற்றம்.

மார்ச் 18ஆம் திகதி மதர் என்னைக் கூப்பிட்டார்கள். உன் கடிதம் மேசையில் விரித்து இருந்தது. பரிசுத்த இடத்தை ஏமாற்றுக்குப் பாவிக்கிறார்கள், உன் சிநேகிதியின் ஆத்துமத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். கொடிக்காரர் யார் என்று கேட்டார்கள். உன் கடிதத்தில் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அண்ணன், சவரிமுத்து, மூன்றாம் லயம் என்று சொன்னேன். கானுக்குள் விழுந்த கதையையும் சொன்னேன். மதர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதர் சுவாமியாருக்கு எழுதினார்கள். சுவாமியார் துரையிடம் சொன்னார்.

மறுநாள் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எச்சரித்து ஒரு வரி எழுதினால் மதர் அதையும் வாசிப்பார்கள். எங்கள் சமையல்கட்டில் நாகலெட்சுமி என்று ஒருவர் வேலை செய்கிறார், தினமும் சந்தைக்குப் போவார். அவரிடம் ஒரு தபாலட்டையைக் கொடுத்திருக்கலாம். அதை யோசித்தேன். யோசித்து, விட்டுவிட்டேன். தெரிந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவள் என்று லயத்தில் நடப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

எட்டு நாள் மௌனத்தில் இருந்தேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை, நான் எழுதாத அந்த ஒரு வரிதான் கேட்டது. 25ஆம் திகதி மாலை, நீங்கள் சிலுவைப்பாதை செய்யும் நேரம் என்று தெரிந்து, இங்கே பீடத்துக்கு முன்னால் விழுந்து கிடந்தேன். அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சகோதரிகள் என்னுடைய பக்தியைப் பார்த்து வியந்தார்கள்.

பெரிய வியாழன் இரவு பாடுகளை வாசித்தபோது, நெருப்புக்குப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டு தம் குருவை மறுதலித்த இராயப்பரை நினைத்தேன். அவருக்கும் மன்னிப்புக் கிடைத்தது. அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தையும் மதர் வாசிப்பார்கள். தெரிந்தே எழுதுகிறேன். அவ்வளவாவது செய்ய வேண்டும்.

உனக்காக நாற்பது நாளும் ஒருசந்தி இருந்தேன் மதலேன். அது பொய் இல்லை.

திரேசா

24.4.1955

திரேசாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணனிடம் காட்டவில்லை. பதில் வந்ததா என்று அவர் கேட்கவும் இல்லை. நாளைக் காலை புறப்படுகிறோம். சாமான் கட்டியாகிவிட்டது, ஆகையால் சுருக்கமாக எழுத நினைத்தேன். முடியுமா தெரியவில்லை.

இராயப்பரை இதற்குள் இழுக்காதே. அவர் அந்த நெருப்புக்குப் பக்கத்தில் "அவரை எனக்குத் தெரியாது" என்றார். பயந்து சொன்ன பொய். அதனால் சேசுநாதருக்கு மனம் நொந்திருக்கும், வேறு கெடுதல் வந்திருக்காது. நீ "தெரியும்" என்றாய். லயத்து எண்ணையும் சேர்த்துச் சொன்னாய்.

நீ நாற்பது நாளும் இருந்ததை நம்புகிறேன். நானும் இருந்தேன். 25ஆம் திகதிக்குப் பிறகு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. காலையில் பசிக்கும்போது உன் பெயரைச் சொல்ல வாய் வராது. பெயர் சொல்லாமலே இருந்தேன். உனக்காக இருப்பதாகச் சர்வேசுரனிடம் வாக்குக் கொடுத்திருந்தேன், அவரிடம் கொடுத்ததை உன்னைக் காரணம் காட்டித் திரும்பக் கேட்க முடியவில்லை. அம்மாக்கண்ணுவுக்கும் ரொட்டி நிற்காமல் போனது. நாற்பது நாளில் நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் இப்போது யோசித்தாலும் சரியாக இருக்கிறது. 25ஆம் திகதி நீ தண்ணீர் குடிக்காமல் கிடந்ததால் இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை திரேசா. ஒரு தபாலட்டையால் ஆகியிருக்கும்.

தனிமையைப் பற்றி நீ நிறைய எழுதியிருக்கிறாய். நான் உன்னிடம் கேட்டதெல்லாம் நீ தனிமையில் இருக்கிறாய் என்று நம்பித்தான். இப்போது பார்த்தால் உன் தனிமையில் ஒரு நாளும் நீ தனியாக இல்லை. மணி இருந்தது, ஒழுங்கு இருந்தது, மதர் இருந்தார்கள். சேசுநாதர் பாலைவனத்தில் பசியோடு இருந்தபோது சோதிக்கிறவன் வந்து கேட்டான். பக்கத்தில் யாரும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தர ஆளில்லாமல் அவரே பதில் சொன்னார். தனிமை என்றால் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆபீசில் அந்தக் கடதாசிக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஒரு நிமிஷம் அது கிடைத்தது. மேசைக்கு முன்னால் நின்றபோது உனக்கும் கிடைத்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மன்னிக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன், அதுவும் எல்லா நாளும் இல்லை. அண்ணன் பெயரைச் சொன்னதைக்கூட ஒரு நாள் என்னால் கடக்க முடியும் என்று தோன்றுகிறது. கதையைச் சொல்லிச் சிரித்தாய் என்று எழுதினாயே, அதைத்தான் தாண்ட முடியவில்லை.

நான் கேட்டதற்கு நீ கடைசிவரை பதில் எழுதவில்லை. கோயிலில் நாங்கள் செய்தது பாவமா என்று. ராக்காயிக்கு அதில் சந்தேகமே இல்லை. போன வெள்ளிக்கிழமை, தபசுகாலம் முடிந்த பிறகும், கோயில் பூட்டியிருந்தும், வெளிப்படியில் வந்து முழங்கால் போட்டிருக்கிறார். அவரோடு இன்னும் பதினைந்து பேர். கண்டாக்கு கேட்டதற்கு, சிலுவை சுமக்கக் கை கொடுத்த ஆளுக்கு வேண்டிக்கொள்கிறோம் என்றாராம்.

மதர் அவர்களே, இந்தக் கடிதத்தை முதலில் வாசிப்பது நீங்கள் என்பதால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. என் ஆத்துமத்தைக் காப்பாற்ற நினைத்தீர்கள் என்று திரேசா எழுதியிருக்கிறாள். இருக்கலாம். அதற்கு ஒரே ஒரு கடிதம் எனக்கே எழுதியிருக்கலாம். பாவம் என்று சொன்னால் நிறுத்துவதாகத்தான் அதில் எழுதியிருந்தேன்.

திரேசா, இந்தக் கடிதத்தின் தலைப்பில் ஊர் எழுதவில்லை. மறதி இல்லை. நாங்கள் போகும் இடத்தில் அண்ணனுக்கு வேலை தர ஒருவர் சம்மதித்திருக்கிறார். இன்ன தோட்டத்திலிருந்து இன்ன காரணத்துக்காக வந்தவர் என்று அங்கே தெரியாமல் இருந்தால்தான் அது நிலைக்கும். உனக்கு எழுதினால் நீ எங்களுக்காக ஜெபிப்பாய் என்று தெரியும். கேட்டால் சொல்லிவிடுவாய் என்றும் தெரியும்.

இனி யாராவது உன்னைக் கூப்பிட்டு, அவர்கள் எங்கே என்று கேட்டால், தெரியாது என்று சொல். பயப்படாமல் சொல்லலாம். அது உண்மையாகவே இருக்கும்.

மதலேன்